விரிவுரையாளர் பதவிக்கு எமது பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்களா?

இரசாயனப் பொறியியல் என்றவுடன் அது எமக்குத் தூரமான விடயம் எனப் பல தாய்மார் நினைக்கின்றனர். உண்மையில் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் இருப்பவர்கள் அதன் வாசலிலேயே வாழ்கின்றனர். தோட்டத்தார் 'ஸ்டோர்' என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, சூட்டில் உலர்த்துகிறார்கள். பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 பங்கு அளவில் இருக்கும் நீர், தூளாகும்போது 3 பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று, எவ்வளவு நேரம் என்று கணக்கிடுவதுதான் இந்தத் துறையின் வேலை. அந்தக் கொழுந்தைப் பறித்த கைகளுக்கு இக்கணக்கில் இதுவரை பங்கு கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

மொரட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இதற்குத் தனித் துறைகள் உண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் எமது பல்கலைக்கழகங்களை விட்டு ஏராளமான விரிவுரையாளர்கள் வெளிநாடு சென்றனர். அவர்களின் இடங்களை இளையவர்களால்தான் நிரப்பவேண்டும்.

முதற்படி 'தகுதிகாண் விரிவுரையாளர்' பதவியாகும். வழமையாக நான்கு வருடப் பட்டத்தில் முதலாம் வகுப்பு, அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு கேட்கப்படும். விளம்பரம் பத்திரிகையிலும் பல்கலைக்கழக இணையத்தளத்திலும் வரும். உபவேந்தர் தலைமையிலான தெரிவுக்குழு நேர்முகப் பரீட்சை நடத்தும். தெரிவானவர் 8 வருடங்களுக்குள் பட்டப்பின் பட்டம் பெற்றால்தான் பதவி நிரந்தரமாகும்.

ஆனால் இந்தப் பாதை உயர்தரத்திலேயே தொடங்குகிறது. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இப்பாடங்களுக்கு ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் பல. விருப்பமிருந்தும் கலைப்பிரிவுக்குத் தள்ளப்படும் பெண் பிள்ளைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். வசதியுள்ள பாடசாலைக்கு அனுப்புவதென்றால் ஹட்டன் நகரில் தங்குமிடச் செலவு. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கே அது முடியுமென்றால் அநேகமாக ஆண் பிள்ளைதான் போகிறான். பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுவது ஓரளவு கைகொடுக்கிறது. உள்ளே போனபின் தமிழில் படித்தவள் ஆங்கிலத்தில் பொறியியல் கற்கவேண்டும்.

இவ்வளவும் தாண்டியவளை ஒரு கடிதம் நிறுத்திவிடலாம். லயங்களுக்குத் தனி முகவரி இல்லாததால் தபால் தோட்டத்து அலுவலகத்துக்கே போகிறது. ஹட்டனுக்கு அண்மையில் ஒரு தாயைச் சந்தித்தேன். பொறியியல் பட்டதாரியான அவரது மகளின் நேர்முகக் கடிதம் அலுவலகத்திலேயே கிடந்து, திகதி கடந்த பின்னர் கைக்கு வந்ததாம். இப்போது அந்த மகள் நகரத்துக் கடையொன்றின் முகவரியையே எல்லா விண்ணப்பத்திலும் கொடுக்கிறாள். சிறிய மாற்றம்தான், ஆனால் வேலை செய்கிறது.

1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, யுத்தத்திலும் அகப்பட்ட சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இடப்பெயர்வில் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று விண்ணப்பிக்காமல் இருக்கவேண்டாம். பரீட்சைப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திடமும், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும் பெறலாம். விளம்பரம் வரும்வரை காத்திராமல் இப்போதே எடுத்து வைத்திருங்கள். முடிவுத் திகதிக்குள் அவசரமாகத் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று, பலர் முன்கூட்டி அறியாதது. பட்டப்பின் படிப்புக்காகச் சம்பளத்துடன் வெளிநாடு செல்லும் விரிவுரையாளர், திரும்பிவந்து குறித்த காலம் சேவை செய்வதாகப் பிணைமுறி எழுதவேண்டும். பிணையாளர்களும் கையொப்பமிடவேண்டும். மகள் திரும்பி வராவிட்டால் கடன் அவர்கள் தலையில்தான். லயக் குடும்பத்துக்கு அவ்வாறு பிணைநிற்க யார் இருக்கிறார்கள்? உறவினருள் ஓர் ஆசிரியர், ஓர் அரச உத்தியோகத்தர் இருப்பின், பதவி கிடைத்தவுடனேயே அவரிடம் பேசிவைப்பது நல்லது.