சிறு குழந்தையும் நெடும் பயணமும்

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். கைக்குழந்தையையோ, தத்தித் தத்தி நடக்கும் பிள்ளையையோ உடன் அழைத்துக்கொண்டு நெடுந்தூரம் செல்லும் குடும்பம் எவ்வாறு ஆயத்தம் செய்தல் வேண்டும், எவற்றைக் கட்டி எடுத்துச் செல்லுதல் வேண்டும் என்பதே அது. பெட்டி கட்டுவதற்கும் ஒரு பேச்சு வேண்டுமா என்று வினவுவோர் இருத்தல் கூடும். ஆனால் வளர்ந்தவர்களுக்கு வழியில் நேரும் குறை பெரும்பாலும் அசௌகரியம் என்ற அளவில் நின்றுவிடுகின்றது. அதே குறை குழந்தைக்கு நோயாகவும், சில வேளைகளில் உயிருக்கு இடராகவும் முடியலாம். தாகம் என்றோ, புழுக்கம் என்றோ, வயிறு நோகின்றது என்றோ சொல்ல அதற்கு மொழி இல்லை. அழுகை ஒன்றே அதன் மொழி. ஆகவே அது கேட்கும் முன்னரே நாம் நினைத்து வைத்தல் வேண்டும்.

பொதுப்படப் பேசுவதிலும், நாம் அறிந்த ஒரு பயணத்தை முன்வைத்துப் பேசுதல் தெளிவு தரும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் பெருந்திருவிழா 25 நாட்கள் நடைபெறுவது. அக்காலத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் குடும்பங்கள் மிகப் பல. பேரப்பிள்ளையை முதன்முதலாக அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் காட்டும் பயணமாகவும் அது அமைவதுண்டு. புகையிரதப் பாதை வழியே தூரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். 1956 ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவி, போரினால் 1990 இல் யாழ்ப்பாணம் வராது நின்று, 2014 இல் மீண்டும் அந்நகரை அடைந்தது. புகையிரதத்திற் சென்றாலும், பேருந்திற் சென்றாலும், வாடகை வாகனத்திற் சென்றாலும், குழந்தையின் ஒரு பகலின் பெரும்பகுதியோ ஓர் இரவோ வழியிலேயே கழியும். இந்தப் பயணத்தை மனத்திற் கொண்டே மேலே சொல்லப் போகின்றேன்.

முதலில், பெட்டி கட்டும் முறை பற்றி ஒரு சொல். நம்மிற் பலர் பொருள்களின் பட்டியலை வைத்துக்கொண்டு கட்டுகின்றோம். உடுப்பு இத்தனை, துவாய் இத்தனை, பால்மா ஒரு பேணி என்று எண்ணிப் பெட்டியை நிரப்புகின்றோம். பெட்டியும் நிறைகின்றது, ஆனால் மாகோச் சந்தியில் குழந்தை அழும்போது வேண்டிய பொருள் அப்பெட்டியின் அடியிற் கிடக்கின்றது. பாடசாலையை நடத்துபவர்களுக்கு நேரசூசியின் அருமை தெரியும். குழந்தைக்கும் ஒரு நேரசூசி உண்டு. அது எப்போது பால் குடிக்கின்றது, எப்போது உறங்குகின்றது, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அணையாடை மாற்றப்படுகின்றது என்பவற்றை முதல் நாள் ஒரு தாளில் எழுதுங்கள். அதன் அருகே பயணத்தின் மணிக்கணக்கை எழுதுங்கள். ஒவ்வொரு மணிக்கும் எதிரே வேண்டிய பொருள் தானே புலப்படும். பொருளைப் பார்த்துக் கட்டாமல் பொழுதைப் பார்த்துக் கட்டுங்கள் என்பதே நான் இன்று வற்புறுத்த விரும்பும் கருத்து.

இம்முறையிற் கட்டினால் சுமை தாமாகவே இரண்டாகப் பிரியும். போய்ச் சேர்ந்த பின்னர் வேண்டியவை பெரிய பெட்டிக்குள் அடங்கும். வழியில் வேண்டியவை ஒரு கைப்பைக்குள் அடங்கும். பெரிய பெட்டி தவறினாலும் ஊரிற் கடைகள் உண்டு. கைப்பை தவறினால் வழியில் மாற்று இல்லை. ஆதலால் கைப்பையைக் கட்டுவதிலேயே நம் கருத்தெல்லாம் செல்லுதல் வேண்டும்.

அணையாடையை எடுத்துக்கொள்வோம். துணியாயினும், கடையில் வாங்கும் பம்பர்ஸ் ஆயினும், 2 மணித்தியாலத்துக்கு ஒன்று என்று கொண்டால் 8 மணித்தியாலப் பயணத்துக்கு 4 வேண்டும். தாமதத்தையும் வயிற்றுக் குழப்பத்தையும் எண்ணி இன்னும் 4 சேருங்கள். இவற்றைத் தனித்தனியே பையில் திணித்தல் கூடாது. ஓர் அணையாடை, ஈரத்தில் நனைத்துப் பிழிந்த ஒரு துணித்துண்டு, ஒரு சட்டை, அழுக்கானதை இடுவதற்கு ஒரு சிறு பை ஆகிய நான்கையும் சேர்த்து ஒரு சுருளாகச் சுருட்டிக் கட்டுங்கள். ஈரத்துணி மற்றவற்றை நனைக்காதவாறு அதனை ஓர் உறையில் இடுங்கள். ஒரு கையிற் குழந்தையை ஏந்திக்கொண்டே மறு கையினால் ஒரு சுருளை எடுத்துவிடலாம். ஆடும் புகையிரதத்தில் இவ்வொழுங்கின் பயன் விளங்கும். தாய்க்கும் ஒரு மாற்றுச் சட்டை கைப்பையில் இருத்தல் வேண்டும். குழந்தை சத்தி எடுத்தால் நனைவது குழந்தையின் உடுப்பு மாத்திரம் அன்று.

கைப்பையின் ஒழுங்கு தாய்க்கு மட்டும் தெரிந்திருத்தல் போதாது. வேண்டிய வேளையில் அவளுடைய இரு கைகளும் குழந்தையிடத்தில் இருக்கும். ஆகவே தந்தையோ, உடன் செல்லும் சிற்றன்னையோ அப்பையைத் தம் கையாற் கட்டுதல் நன்று. கட்டியவருக்கே எது எங்கே இருக்கின்றது என்பது தெரியும். தாயின் உணவையும் தண்ணீரையும் நினைத்துக்கொள்ளும் பொறுப்பும் அவருடையதே. பாலூட்டும் தாய் தாகத்தோடும் பசியோடும் பயணம் செய்தல் தகாது.

இனி உணவு. 6 மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். வெப்பக் காலத்திலும் வேறு தண்ணீர் வேண்டுவதில்லை. அடிக்கடி பாலூட்டினாற் போதும். காய்ச்ச வேண்டாத, கலக்க வேண்டாத, பழுதடையாத உணவு அதுவே. கூட்டமான வண்டியிற் பாலூட்டத் தாய் கூசுவாளாயின், ஒரு மெல்லிய பருத்திச் சால்வையும், உடன் வருவோர் யன்னலோர இருக்கையை அவளுக்கு விட்டுக்கொடுக்கும் பண்பும் போதுமானவை. குழந்தையின் பசியை ஊர் சேரும் வரை ஒத்திவைக்க இயலாது.

பால்மாவில் வளரும் குழந்தைக்கு அதிக கவனம் தேவை. பால்மா கிருமியற்ற பொருள் அன்று. ஆதலால் 70 பாகை செல்சியசுக்குக் குறையாத சூடுள்ள, கொதித்த நீரிலேயே அதனைக் கரைத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கொதித்த நீரைச் சூடு காக்கும் நல்ல பிளாஸ்கில் ஊற்றுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் உரிய மாவை வீட்டிலேயே அளந்து, உலர்ந்த சிறு டப்பாக்களில் இட்டு மூடுங்கள். கழுவிக் கொதிக்க வைத்த சூப்பிப் போத்தல்களை வேளைக்கு ஒன்றாகக் கொண்டுசெல்லுங்கள். வேளை வந்ததும் கரைத்து, குளிர்ந்த நீருள்ள பாத்திரத்தில் போத்தலை வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கரைத்து 2 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பாலையும், குழந்தை குடித்து மீந்த பாலையும் ஊற்றிவிடுதல் வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பால் என்று வைத்திருந்து கொடுப்பது நோயை விலை கொடுத்து வாங்குவதாகும்.

6 மாதம் கடந்த பிள்ளைக்கு வாழைப்பழம் சிறந்த வழியுணவு. தோலே அதற்கு உறை. நம் கையைக் கழுவிக்கொண்டால் வேறு துப்புரவு வேண்டுவதில்லை. அவித்த உருளைக்கிழங்கு, வெறும் இடியப்பம், தோசை என்பனவும் கொண்டுசெல்லலாம். தேங்காய்ப்பால் சேர்ந்த சொதியும், தேங்காய்ப்பூச் சம்பலும் வெக்கையில் விரைவிற் பழுதடையும். அவற்றை விடுத்தல் நன்று. ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் கொடுத்தலாகாது. புகையிரதத்திலே கச்சான் விற்போர் வருவர். அயலில் இருப்போர் அன்பினால் பிள்ளையின் கையில் இரண்டு பருப்பை வைப்பர். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கச்சான் ஆபத்தானது. வண்டி குலுங்கும் வேளையில் அது மூச்சுக்குழாயிற் சிக்கிவிடலாம். அன்பாகத் தருபவரை அன்பாகவே மறுக்கலாம்.

மருந்துப் பொருள்கள் சிலவே வேண்டும். கிளினிக்கில் தந்த பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, காய்ச்சல் அளக்கும் வெப்பமானி, பிள்ளையின் நிறைக்கு ஏற்ப வைத்தியர் அளவு கூறிய பரசிற்றமோல் பாணி, அதனை அளக்கும் கரண்டி, இரண்டு ஜீவனிப் பொட்டலங்கள், ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீர் ஆகியவை போதும். ஜீவனியைப் பற்றிச் சிறிது விளக்குதல் தகும். வயிற்றோட்டத்தின்போது குழந்தையின் உடலிலிருந்து நீரும் உப்பும் சேர்ந்து வெளியேறுகின்றன. உடல் சிறிதாகையால் இருப்பும் சிறிது. ஆகவே இழப்பு விரைவிலேயே பெரிதாகின்றது. பொட்டலத்திற் குறித்த அளவு நீரில் முழுவதையும் கரைத்து, 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை கழிந்த பின்னரும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கரண்டி கரண்டியாகக் கொடுத்தல் வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கரைப்பதும், சீனி கூட்டுவதும் அளவைக் கெடுக்கும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருத்தலாகாது. தாய்ப்பாலை நிறுத்துதலும் கூடாது.

கண் குழிந்து, வாய் உலர்ந்து, சிறுநீர் குறைந்து, பிள்ளை சோர்ந்து கிடந்தால், ஊர் போய்ப் பார்ப்போம் என்று இருத்தல் தவறு. 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியசுக் காய்ச்சல் வந்தாலும் அவ்வாறே. குருநாகல், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி ஆகிய வழியூர்கள் யாவற்றிலும் அரசாங்க வைத்தியசாலைகள் உண்டு. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும். பயணம் தடைப்பட்டால் திருவிழா இன்னொரு நாளும் உண்டு.

இங்கே ஒரு தீய வழக்கத்தையும் கண்டித்துக் கூற வேண்டும். வழியெல்லாம் பிள்ளை உறங்கட்டும் என்று கருதித் தடிமனுக்குக் கொடுக்கும் பாணியைச் சிலர் கொடுக்கின்றனர். உறக்கம் அம்மருந்தின் பக்கவிளைவு. அளவு சிறிது கூடினாலும் சிறு குழந்தையின் மூச்சே தளர்ந்துவிடக் கூடும். அவ்வாறே, சூடம் கலந்த தைலங்களை 2 வயதுக்குட்பட்ட பிள்ளையின் மூக்கிலும் நெஞ்சிலும் தடவுதலும் தகாது. அழும் பிள்ளையோடு செய்யும் பயணம் கடினமானதே. ஆயினும் அதற்கு மருந்து பரிகாரம் அன்று.

பரிகாரம் வேறொன்று உண்டு. முதலாந் தரத்திற் சேரும் பிள்ளை, முதல் வாரம் முழுவதும் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கைக்குட்டையை விடாது பற்றியிருப்பதைப் பாடசாலைகளிற் காண்கின்றோம். பழகிய ஒரு பொருள் சிறு பிள்ளைக்கு வீட்டின் ஒரு துண்டாகும். குழந்தைக்கு ஏணை கட்டும் தாயின் பழஞ்சேலையைப் புதிதாகத் தோய்க்காமல் அப்படியே கைப்பையில் வையுங்கள். மடியிற் கிடத்தி அச்சேலையாற் போர்த்தினால், அதன் மணமே உறக்கத்தைத் தரும். ஊரிற் போய்ச் சேர்ந்ததும் புதிய வீட்டில் அதே சேலையால் ஏணை கட்டுங்கள். நடக்கும் வயதுப் பிள்ளைக்கு ஒரு படப் புத்தகமும், துணிப்பொம்மை ஒன்றும் போதும். எல்லாவற்றையும் ஒருங்கே கொடாமல், ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றாக எடுத்துக் கொடுங்கள்.

வண்டியினுள் காவல் பற்றியும் சொல்லவேண்டும். புகையிரதத்தின் மிதிபலகையிலும் திறந்த வாசலிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று வேடிக்கை காட்டுதல் ஆகாது. வாடகை வாகனத்தில் குழந்தையை முன்னிருக்கையில் மடியில் வைத்திருத்தல் பெருந்தவறு. வாகனம் திடீரென நின்றால் 8 கிலோகிராம் நிறையுள்ள குழந்தை தன் நிறையின் பன்மடங்கு விசையோடு முன்னே எறியப்படும். எத்துணை வலிய கையும் அதனைத் தாங்காது. குழந்தைக்கெனச் செய்த இருக்கையைப் பின்னிருக்கையில் வார் கொண்டு பிணைத்து, அதிலே இருத்துவதே பாதுகாப்பு. தேநீர் குடிக்க இறங்கும்போது உறங்கும் பிள்ளையை மூடிய வாகனத்தில் விட்டுச் செல்லவே கூடாது. வெயிலில் நிற்கும் வாகனத்தின் உட்புற வெப்பம் பத்தே நிமிடத்தில் 10 பாகை செல்சியசு அளவு உயர்ந்துவிடும்.

புறப்படும் முன் இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. வெள்ளத்தாலும் பாதை திருத்த வேலைகளாலும் சேவைகள் மாறுவதுண்டு. ஆகையால் முதல் நாள் புகையிரத நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊரில் உள்ளோருக்கும் சொல்லிவையுங்கள். வந்து சேரும்போது வேண்டுவது விருந்தன்று, கொதித்தாறிய நீரும், நுளம்பு வலையும், அமைதியான ஓர் அறையுமே ஆகும். டெங்கு நுளம்பு பகலிலே கடிப்பது. ஆகவே பகலுறக்கத்துக்கும் வலை வேண்டும். உறவினர் யாவரும் வாரி எடுத்து முத்தமிடுதற்கு முன், பிள்ளை பாலுண்டு சிறிது உறங்கட்டும். தடிமன் உள்ளவர் சற்று விலகி நின்று மகிழட்டும்.

நேயர்களே, இத்துணையும் செய்தாலும் குழந்தை வழியில் அழாது என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆயினும் அது பசித்தோ, தாகத்தாலோ, நனைந்து கிடந்தோ அழ வேண்டியிராது. மற்ற அழுகைகளுக்குத் தாயின் தோளும் தந்தையின் தோளும் இருக்கின்றன. புறப்படுவதற்கு முதல் நாள் மாலையில் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, உங்கள் பிள்ளையின் நேரசூசியை எழுதிப் பாருங்கள். அரைமணி நேரத்து வேலைதான் அது.