எஞ்சின் இல்லாமல் ஓடும் மலை வண்டி

மேம்பாலத்தின் மீது சைக்கிளில் ஏறியிருக்கிறீர்களா? ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது மிதிக்கவே வேண்டாம். ஏற்றத்தில் நீங்கள் செலவிட்ட உழைப்பை இறக்கம் திருப்பித் தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை நம்பித்தான் கேளிக்கைப் பூங்காவின் ரோலர் கோஸ்டர் வண்டியும் ஓடுகிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள டிஸ்னிலாந்து பூங்காவில், 1959-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மாட்டர்ஹார்ன் என்ற செயற்கை மலை திறக்கப்பட்டது. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் அதே பெயருடைய சிகரத்தின் உயரம் 4,478 மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 45 மீட்டர், இந்தப் பொம்மை மலையின் உயரம். 107 செ.மீ. உயரமுள்ள சிறுவர்கூட இதன் வண்டிகளில் ஏறலாம். எஃகுக் குழாய்களையே தண்டவாளமாகக் கொண்ட முதல் ரோலர் கோஸ்டர் இதுதான்!

குழாய் எதற்கு? அதற்குமுன் பெரிய ரோலர் கோஸ்டர்களின் பாதைகள் பெரும்பாலும் மரத்தாலானவை. மரத்தைச் சிறு வட்டமாகச் சீராக வளைப்பது கடினம். எஃகுக் குழாயையோ வேண்டிய வடிவில் வளைத்துப் பற்றவைக்கலாம்.

வண்டியில் எஞ்சின் கிடையாது. சங்கிலி ஒன்று அதை உச்சிக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே வண்டி பெற்றிருப்பது நிலை ஆற்றல். இறங்க இறங்க அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. உராய்வும் காற்றும் வழியில் சிறிது பறித்துக்கொள்வதால், முதல் மேட்டின் உயரத்தை வண்டி மறுபடி தானாக எட்டவே முடியாது.

இதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 43 கிலோமீட்டர்தான். நம் ஊர்ப் பேருந்தே இதைவிட விரைந்து செல்லும்! பிறகு ஏன் அத்தனை கூச்சல்?

நம் உடல் வேகத்தை உணர்வதில்லை. வேகமும் திசையும் மாறுவதையே உணர்கிறது. வளைவில் ஏற்படும் முடுக்கத்தைக் காண, வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். 50 மீட்டர் ஆரமுள்ள சாலை வளைவில் விடை 2. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவிலோ விடை 10. ஏறத்தாழப் புவியீர்ப்பு முடுக்கத்துக்கே சமம்! வேகம் மாறவில்லை, ஆனால் உங்களைத் தள்ளும் விசை ஐந்து மடங்காகிவிட்டது. ஆகவே, குழந்தைகளுக்கேற்ற வண்டியை அமைக்கும் பொறியாளர் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு வளைவின் ஆரத்தையும் அளந்தே தீர வேண்டும்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்து, ஒரு முனையை மேஜைமேல் வையுங்கள். நடுவில் புத்தகங்களை அடுக்கி ஒரு மேடு செய்யுங்கள். மேலிருந்து கோலிக்குண்டை உருட்டுங்கள். அது தாண்டும்வரை புத்தகங்களை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். தொடங்கிய இடத்துக்கும் தாண்டிய மேட்டுக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம்? உராய்வு பறித்த பங்கை உங்கள் அளவுகோல் காட்டிவிடும்!