இராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்: 293318625600

முன்னுரை

கணித மேதை சீனிவாச இராமானுஜன் (1887–1920) கேம்பிரிட்ஜில் பயின்ற காலத்தில் எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரையொன்று, 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்வேட்டில் வெளிவந்தது. வகுத்திகள் மிகுந்த எண்களை ஆராயும் அக்கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை உள்ளது. அதில் இடம்பெற்றிருக்க வேண்டிய ஓர் எண் விடுபட்டுள்ளது. அவ்வெண்ணின் இயல்புகளையும் அவ்விடுபாடு உணர்த்தும் கருத்தையும் இங்குக் காண்போம்.

மிகுபகு எண்

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் முழு எண்கள் அதன் வகுத்திகள் எனப்படும். தன்னினும் சிறிய எண் எதற்கும் இல்லாத அளவு வகுத்திகளைப் பெற்ற எண்ணை ‘மிகுபகு எண்’ எனக் குறிக்கிறோம். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உள்ளன. 12க்குக் குறைந்த எவ்வெண்ணுக்கும் நான்கிற்கு மேல் இல்லை. எனவே 12 மிகுபகு எண். 18க்கும் ஆறு வகுத்திகளே; ஆயினும் 12 முந்திக்கொண்டமையால் 18 அத்தகுதியைப் பெறாது.

எண்ணின் அமைப்பு

விடுபட்ட எண் 29331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. ஏறத்தாழ 293 பில்லியன். இதன் பகாக் காரணிகளுள் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியன இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியன ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஒரு வகுத்தியை அமைக்கையில் 2ஐ முற்றிலும் விடுவது முதல் ஆறு முறை கொள்வது வரை ஏழு வழிகள் உண்டு. ஏனையவற்றிற்கும் இவ்வாறே கணக்கிட்டுப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2 = 5040 வகுத்திகள் கிடைக்கின்றன. 60 வகுத்திகளைக் கொண்ட 5040உம் ஒரு மிகுபகு எண்ணே என்பது சுவைக்கத்தக்கது.

விதியும் அட்டவணையும்

மிகுபகு எண்ணில் 2 முதலான பகா எண்கள் இடையறாது வரும். அவற்றின் அடுக்குகள் ஏறுமுகம் கொள்ளா. 4, 36 நீங்கலாக, இறுதிப் பகா எண்ணின் அடுக்கு 1ஆகவே அமையும். இராமானுஜன் நிறுவிய இவ்விதிகளுக்கு 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்னும் அடுக்குகளையுடைய நம் எண் முற்றிலும் பொருந்துகிறது.

எனினும் விதிகளுக்குப் பொருந்துவன எல்லாம் மிகுபகு எண்கள் அல்ல. 30 (2×3×5) விதிகளுக்குப் பொருந்தினும், அதற்குரிய எட்டு வகுத்திகளை 24 முன்னரே பெற்றுவிடுகிறது. ஆகவே பொருந்தும் எண்களை ஒப்பிட்டுத் தெரிவு செய்யும் உழைப்பு இன்றியமையாதது. கணினி இல்லாத காலத்தில் அவ்வொப்பீடு கைக்கணக்காகவே நிகழ்ந்தது. அட்டவணையின் இறுதி எண்ணாகிய 6746328388800, விடுபட்ட எண்ணின் 23 மடங்கு என்பதும் கருதத்தக்கது.

முடிவுரை

இவ்விடுபாட்டால் விதிகளுக்கு ஊறு நேரவில்லை. அட்டவணை உழைப்பால் தொகுக்கப்படுவது; விதி காரணத்தால் நிறுவப்படுவது. இராமானுஜனை வியந்து போற்றுவதோடு நாம் நின்றுவிடின் அவருடைய உழைப்பும் காரண அறிவும் மாணவர்க்குப் புலப்படா. மேற்கண்ட பெருக்கலை மாணவர் தாமே செய்து சரிபார்ப்பாராயின், மேதையின் ஏட்டையும் ஆராய்ந்தே ஏற்கும் பண்பு அவரிடம் வளரும். அப்பண்பே அம்மேதைக்கு நாம் செய்யும் சிறப்பு.