மருந்துக்கே "டிமிக்கி" கொடுக்கும் ரத்தப் புற்றுநோய்!
ஆய்க்குடி தாத்தா கேட்ட கேள்வி

ஆய்க்குடி பஸ் நிறுத்தம். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர். மடியில் மஞ்சள் பை. பைக்குள் பேரனின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள். பேரனுக்கு வயது 6. ரத்தப் புற்றுநோய்.

"முதல்ல நல்லாத்தான் கேட்டுச்சு தம்பி. முடி கூட முளைச்சிட்டு. பள்ளிக்கூடம் போனான். இப்ப திரும்ப வந்துட்டுங்காவ. அதே மருந்து இப்ப மட்டும் ஏன் கேக்க மாட்டேங்கு?"

திருட்டு, அடிதடி, குழாயில் தண்ணீர் வராதது என்று எழுதும் நமக்கு இது புது விவகாரம். விசாரித்துப் பார்த்தால், இதுவும் ஒரு தலைமறைவு கேஸ்தான்!

ஒரு லட்சம் கோடி

நோய் கண்டுபிடிக்கப்படும்போது குழந்தையின் உடம்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நோய் செல்கள் இருக்கும். ஒரு மாத சிகிச்சைக்குப் பின் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் "சுத்தம்" என்று வரும். வீட்டில் சந்தோஷம். ஆனால் அப்போதும் ஆயிரம் கோடி வரை பதுங்கியிருக்கலாம்! 10 ஆயிரம் செல்லில் ஒன்று கெட்டிருந்தாலும் பிடிக்கும் சோதனை இப்போது உண்டு. அதில் அகப்பட்டால் டாக்டர்கள் மருந்தின் வேகத்தைக் கூட்டுகிறார்கள்.

மூளைப் பக்கம் ஓடும் செல்லை, ரத்தத்தில் போகும் பல மருந்துகள் சரியாக எட்டுவதில்லை. முதுகுத்தண்டில் ஊசி போடுவது அதற்காகத்தான். பிள்ளையை வதைக்க அல்ல.

பூட்டை மாற்றும் கில்லாடி

மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மருந்து. செல் பெருகுவதற்குத் தேவையான ஒரு நொதியை முடக்கும். கில்லாடி செல் என்ன செய்கிறது? மருந்து நுழையும் வாசலைச் சாத்துகிறது. அல்லது அந்த நொதியை மூட்டை மூட்டையாகச் செய்து குவிக்கிறது. மருந்து எத்தனையைத்தான் முடக்கும்!

மெர்காப்டோப்யூரின் மாத்திரை செல்லுக்குள் போய்த்தான் விஷமாக மாறும். நோய் திரும்பிய சில பிள்ளைகளின் செல்களில் அந்த விஷத்தை உடைத்துப் போடும் நொதி ஒன்று வெறி பிடித்தாற்போல் வேலை செய்வதை 2013ல் கண்டுபிடித்தார்கள்.

மருந்து பார்த்து எல்லா செல்லும் இப்படி மாறுவதில்லை. கோடியில் ஒன்றிரண்டு மாறியிருந்தால் போதும். மற்றவை சாக, அது மட்டும் பெருகும். சில வகை நோய் ஆரம்பத்திலேயே முரடு. ஒரு வயது கூட ஆகாத குழந்தைக்கு வருவது அப்படி. "பிலடெல்பியா குரோமோசோம்" வகையும் முரடாகத்தான் இருந்தது. இமாட்டினிப் வந்த பிறகு அடங்கத் தொடங்கியது.

1948லேயே தெரிந்தது

இது பழைய கதை. அமெரிக்காவில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்தார். 10 பேருக்குக் குணம் தெரிந்தது. தற்காலிகம்தான். நோய் திரும்பியது. அந்த மருந்து எல்லப்பிரகட சுப்பாராவின் குழு தயாரித்தது. அவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்!

ஒரு மருந்துக்குத் தப்பும் செல் இன்னொன்றில் மாட்டும் என்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை அதன் பிறகு வந்தது. சென்னை அடையாறு, பம்பாய் டாட்டா, டெல்லி எய்ம்ஸ் மூன்றிலும் 1984 முதல் ஒரே மாதிரி சிகிச்சையைத் தொடங்கிய பிறகுதான் இங்கே பிழைக்கும் பிள்ளைகளின் கணக்கு ஏறியது.

மாத்திரை நின்றால்?

எல்லாப் பழியையும் செல் மீது போட முடியாது. முதல் கட்டம் முடிந்தபின் சுமார் 2 வருஷம் தினமும் மாத்திரை. பிள்ளை ஓடி விளையாடுகிறது. "இன்னும் எதுக்கு மாத்திரை" என்று வீட்டில் நினைக்கிறார்கள். ஆய்க்குடிக்காரருக்கு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி என்றாலும், செங்கோட்டை தாண்டி திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்றாலும் ஒரு நாள் கூலி போச்சு. நூற்றுக்கு 95 நாளுக்குக் குறைவாக மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ரத்தம் பார்த்து டாக்டரே அளவைக் குறைப்பது வேறு. நாமாக நிறுத்துவது வேறு.

திரும்பிய நோய்க்கும் வழி அடைபடவில்லை. வேறு மருந்துகள், எலும்பு மஜ்ஜை மாற்று எல்லாம் உண்டு. நோயாளியின் சொந்த அணுக்களையே பழக்கி ஏவும் "கார்-டி" சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் அந்த அனுமதி.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப நான் மாத்திரைய ஒழுங்காத்தான் குடுத்தேன்... என் தப்பு இல்லைல்லா?"

இல்லை என்றோம். தென்காசி பஸ் வந்தது. மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.