காந்தம் காந்துமா?

புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு காந்தத்தைப் புரட்டி எடுங்கள். முனையில் கறுப்புப் பொடி மீசை மாதிரி சிலிர்த்து நிற்கும். அத்தனையும் இரும்புத் தாதுத் துகள். அதே வட்டாரத்துப் பொற்பனைக்கோட்டையில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய தடயமே கிடைத்திருக்கிறது.

'காந்தம் புடிக்குது' என்பார்கள் பிள்ளைகள். பாடப்புத்தகத்தில் அது 'ஈர்க்கிறது'. ஈர்த்தான் என்றால் இழுத்தான். ஈர்ந்தான் என்றால் அறுத்தான். மரம் அறுக்கும் ஈர்வாள் அந்த வழி வந்தது. ஓர் எழுத்து மாறினால் வேலையே மாறிவிடுகிறது!

சரி, 'காந்துது' என்றால்? அதற்கும் காந்தத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மிளகாய்க் கை பட்டால் கண் காந்தும். அடிப்பிடித்த சோறு காந்தல். காந்தமோ, இரும்புக்குப் பிரியமானது என்று பொருள்படும் 'அயஸ்காந்தம்' என்ற வடசொல்லின் பின்பாதி.