நாளைக்கு என்ன சமையல்?

"நாளைக்கு என்ன சமைப்பது?" தனிக்குடித்தனம் வந்த இளம் பெண்களுக்குத் தினமும் இதே கவலை. முன்கூட்டி யோசிக்காவிட்டால் கடைப் பலகாரத்தில் பணம் கரையும். பிள்ளைக்குச் சத்தும் சேராது.

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் உட்கார்ந்து, ஏழு நாள் சமையலை ஒரு தாளில் எழுதுங்கள்.

மாவு

இட்லி அரிசி 4 ஆழாக்கு. உளுந்து 1 ஆழாக்கு. உளுந்தோடு சிறிது வெந்தயம். அரிசியைத் தனியாக ஊறவைத்து ஆட்டுங்கள். முதலில் இட்லி. புளிப்பு ஏறினால் தோசை. கடைசி மாவில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம்!

பருப்பும் கீரையும்

சோறு மட்டும் போதாது, பருப்பும் வேண்டும். முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து உண்டு. கூடவே எலுமிச்சம்பழச் சாறு சேர்ந்தால் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே காபி, டீ குடித்தால் அது குறையும். காய்கறிகளைக் கழுவிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும்.

குழந்தைக்கு

6 மாதம் முடிந்த குழந்தைக்குத் தனி அடுப்பு வேண்டாம். உப்பு, காரம் சேர்க்கும் முன் வெந்த பருப்பில் கொஞ்சம் எடுங்கள். குழைந்த சோற்றோடு மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டு ஊட்டுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது. அதுதான் பதம். 2 வயது வரை தாய்ப்பாலும் தொடரட்டும்.

தாய்க்கு?

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்பது பெண்களின் வழக்கம். இது தவறு. பால் கொடுக்கும் தாய்க்குத்தான் கீரையும் முட்டையும் அவசியம் வேண்டும்.

கணவன்மார்களே! இன்று இரவு மனைவிக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.