நெகிழும் பல்லுறுப்பு இயக்கவியல்

மூட்டுகளால் இணைந்து அசையும் பல உறுப்புகளின் தொகுதி பல்லுறுப்பு அமைப்பு எனப்படும். அசையும்போதே அந்த உறுப்புகள் வளைந்து, முறுகி, அதிரவும் செய்தால் அது நெகிழும் பல்லுறுப்பு அமைப்பு ஆகும். அதன் இயக்கத்தைக் கணினியில் கணிப்பது கட்டமைப்பு இயக்கவியலின் ஒரு பிரிவு. விண்கலத்தின் சூரியத் தகடுகள், ரோபோ கைகள், காற்றாலைகள் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

காற்றாலை

கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தலில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் இயங்கும் காற்றாலைகளைப் பலரும் பார்த்திருப்பர். கோபுரம், உச்சியிலுள்ள இயந்திர அறை, சுழலும் அச்சு, மூன்று இறக்கைகள் ஆகியவை அதன் உறுப்புகள். காற்று தள்ளும்போது இறக்கை கோபுரத்தை நோக்கி வளையும். இந்த வளைவைக் குறைத்துக் கணித்துவிட்டால் இறக்கையின் நுனி கோபுரத்தில் மோதக்கூடும்.

ஒத்ததிர்வு

காற்றாலை நிமிடத்துக்கு 15 முறை சுழல்வதாகக் கொள்வோம். சுழற்சி அதிர்வெண் 15/60 = 0.25 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றில் மூன்று இறக்கைகள் கோபுரத்தைக் கடப்பதால் 0.75 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும் கோபுரம் உலுக்கப்படுகிறது. கோபுரத்தின் இயல்பு அதிர்வெண் இவற்றில் ஒன்றுடன் பொருந்தினால் ஒத்ததிர்வு ஏற்பட்டு அதிர்வு பெருகும். எனவே பல வடிவமைப்புகளில் அது இவ்விரண்டுக்கும் இடையில் அமையுமாறு பார்த்துக்கொள்கின்றனர்.

கணிக்கும் முறை

வரம்புறு உறுப்பு முறையில் ஒவ்வோர் உறுப்பும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. இதனால் மாறிகள் ஆயிரக்கணக்கில் பெருகும். 1968 இல் கிரெய்க், பாம்ப்டன் ஆகியோர் வெளியிட்ட முறை, இணைப்பிடங்களின் இடப்பெயர்ச்சியையும் முக்கியமான சில அதிர்வு வடிவங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு கணக்கைச் சுருக்குகிறது.

ஒரு பிழை தந்த பாடம்

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் தளர்ந்த கயிறு விறைத்து நிற்கும். சுழலும் இறக்கையும் அவ்வாறே மையவிலக்கு விசையால் கூடுதல் விறைப்பு பெறுகிறது. ஆனால் அன்றைய கணினி நிரல்கள் இதற்கு நேர்மாறான விடையைத் தருவதை 1987 இல் கேன், ரயன், பானர்ஜி ஆகிய மூவர் காட்டினர். வேகமாகச் சுழலும் சட்டம் எல்லையின்றி வளைந்துகொண்டே போவதாக அந்நிரல்கள் கணித்தன. சட்டம் வளையும்போது அதன் நுனி அச்சை நோக்கிச் சற்றே உள்வாங்கும். மிகச் சிறியது என்று அந்த அளவைக் கணக்கில் விட்டதே பிழைக்குக் காரணம்.

ஆகவே, எதைப் புறக்கணிக்கலாம் என்பதை அறிந்த பிறகே கணினியின் விடையை நம்பலாம். அந்த விடையைக் களத்தில் அளந்தும் சரிபார்க்க வேண்டும். சென்னையிலுள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இதற்கெனத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில் காற்றாலைச் சோதனை நிலையம் ஒன்றை நடத்துகிறது.